அந்தியூர் வரைக்கும் அழக்கூடாது

கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகர்ந்துக்குங்க சார். இந்தப் பையைக் காலடியில வெச்சுக்கறேன். பயப்படாதீங்க, பாப்பாவோட துணிமணிதான். பாப்பா என் தோள்மேல இருக்கா. ஆமாங்க, என் பொண்ணுதான். மூணாவது மாசம் நடக்குது. பால் குடிச்சிட்டுத் தூங்கறா. நீங்க படிங்க, படிங்க. கையில புத்தகம் வெச்சிருக்கிறவங்களைத் தொந்தரவு பண்றது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. புத்தகம் படிக்கிறவங்களோட அருமை இந்த பஸ்ஸில என்னைவிட யாருக்கும் தெரியாதுங்க.

என்ன பார்க்கறீங்க? இந்தாளு இப்படிச் சத்தமாப் பேசினா புள்ளை எழுந்துக்காதான்னுதானே? எழுந்துக்காது. அதைச் சொல்றேன். முதல்ல முன்னாடி பாருங்க. மூணு சீட்டு தள்ளி, பொம்பளைங்க பக்கம். நீலச் சேலை, குனிஞ்ச தலை, மடியில புத்தகம். அவதான் என் வீட்டுக்காரி வசுமதி. அவ பக்கத்தில, மடியில வயர்க்கூடையை வெச்சுக்கிட்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னை முறைக்கிறாங்களே, அது என் மாமியார். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா முறைப்பாங்க. கண்டுக்காதீங்க.

பேச்சு என்னன்னா சார், கோபியில பஸ் கிளம்பினதிலிருந்து அந்தியூர் போய்ச் சேர்ற வரைக்கும் பாப்பா அழக்கூடாது. என் தோளை விட்டு இறங்கக்கூடாது. வசுமதி நிம்மதியாப் படிச்சுக்கிட்டு வரணும். அப்படிக் கொண்டு போய்ச் சேர்த்துட்டேன்னா என் பொண்டாட்டி புள்ளை இன்னிக்கே என் வீட்டுக்கு வந்துருவாங்க. வழியில ஒரு தடவை வீல்னு கத்தினாலும் போச்சு. அந்தியூர் பஸ் ஸ்டாண்டில இறங்கின காலோட, திரும்பற பஸ்ஸில மூணு பேரும் ஏறிக்குவாங்க. அப்புறம் அஞ்சாம் மாசம் முடியற வரைக்கும் அனுப்பி வைங்கன்னு நான் வாயைத் திறக்கக்கூடாது. நானும் என் மாமியாரும் நேத்துப் பேசி முடிவு பண்ணினது. அதனாலதான் சார் உங்க பக்கத்தில வந்து உட்கார்ந்தேன். பஸ்ஸில எல்லாரும் போனைப் பார்த்துட்டு இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் சும்மா இருந்தீங்க.

என் பேரு சென்னியப்பன். அந்தியூர்ச் சந்தையில மாட்டுத் தரகு சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, கட்டுத்தறி கூட வழி சொல்லும். பள்ளிக்கூடம் அஞ்சாவதோட நின்னு போச்சு. நிக்கலை, நான்தான் நிறுத்தினேன். வாத்தியார் பிரம்பால அடிச்சார், நான் பிரம்பைப் பிடுங்கி ஒடிச்சுப் போட்டுட்டு நேரா சந்தைக்குப் போயிட்டேன். அங்க அதைவிட அடி. முதன்முதலா நானே என் காசில ஒரு பசு வாங்கினேன். வித்தவன் தங்கமான மாடுன்னு சத்தியம் பண்ணினான். வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து பால் கறக்க உட்கார்ந்தா, விட்டது பாருங்க ஒரு உதை! செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அன்னிக்குக் கத்துக்கிட்டேன், எவனாவது தங்கம்னு சொன்னா உடனே பின்னங்காலைப் பார்க்கணும். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்னு சொல்லுவாங்க. அதெல்லாம் வேண்டாதவங்க பேச்சு. குரல்தான் கொஞ்சம் பெருசு.

எங்க தொழில்ல விலையை வாயால சொல்ல மாட்டோம் சார். சுத்தி நிக்கிறவன் காதில விழுந்துருமே. அதனால கைமேல துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிப்போம். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு. ரெண்டு விரல்னா ரெண்டு. சம்மதம்னா கையை அமுக்கணும். இல்லைன்னா உதறிடணும். வெளியே வாய் என்ன வேணும்னாலும் திட்டிக்கிட்டு இருக்கும். ஆனா நெசமான பேச்சு துண்டுக்குள்ளதான் நடக்கும்.

இது எதுக்குச் சொல்றேன்னா, என் கல்யாணமே அப்படித்தான் முடிஞ்சது. வசுமதியோட அப்பா எனக்கு ஒரு ஜோடி காளை வித்தவர். இப்ப இல்லை, போய்ச் சேர்ந்துட்டார். அந்தப் பழக்கத்தில பொண்ணு பார்க்கப் போனேன். பஜ்ஜி, காபி எல்லாம் ஆச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாப் பேசட்டும்னு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் அனுப்பிச்சாங்க. நான் நல்லாத் தயாராத்தான் போயிருந்தேன். அவ என்ன கேட்டாலும் பாதியில இருந்து ஆரம்பிக்கணும்னு.

அவ சொன்னா, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வேணும். தெனமும் பொழுதோட, விளக்கு வெக்கற நேரத்தில, ஒரு மணி நேரம். நான் புத்தகம் படிப்பேன். அந்த நேரத்தில யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது."

அவ்வளவுதானா சார்? நகை கேட்கலை, தனிக்குடித்தனம் கேட்கலை. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. இவ்வளவு மலிவாச் சொன்னா எங்கேயோ பின்னங்கால் இருக்குன்னு அர்த்தம். இருந்தாலும் தொழில் புத்தி விடுமா?

"அரை மணி நேரம் வெச்சுக்கலாமா?"ன்னேன்.

"ஒரு மணி நேரமுங்க."

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், முக்கால்?"

"அப்ப காபி குடிச்சுட்டுப் போங்க"ன்னா.

காபி ஏற்கெனவே குடிச்சாச்சு சார். அதுக்கு என்ன அர்த்தம்? எழுந்து நடையைக் கட்டுன்னு அர்த்தம். எத்தனை சந்தை பார்த்தவன் நான்! எவனும் என்னை அப்படி ஒத்தை வரியில வெளியே தள்ளினதில்லை. அவ என்ன பண்ணினா தெரியுமா? என் தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் கைமேல போட்டா. உள்ள கையை விட்டு என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சா. ஒத்தை விரல். அப்பன்கிட்டப் பார்த்துப் பழகின கை. நான் அமுக்கிட்டேன். மாட்டுத் தரகன் கையை அமுக்கினா அமுக்கினதுதான் சார், அப்புறம் மழையே வந்தாலும் மாத்தம் கிடையாது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில நான் குறுக்கே போனதே இல்லைங்க. எப்பவாவது, "என் செருப்பு எங்க புள்ள?"ன்னு கேட்டிருப்பேன். "மழை வர்ற மாதிரி இருக்கே"ன்னு சொல்லியிருப்பேன். அதெல்லாம் கூப்பிடறதில சேருமா? சேராது. அவளுக்குத் துணையா எதிர்த்தாப்பல உட்கார்ந்துக்குவேன். வெறும்னே உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால, "இப்ப என்ன ஆச்சு?"ன்னு கேட்பேன். அவ புத்தகத்துக்கு நடுவில விரலை வெச்சு மூடிக்கிட்டு, இப்ப நீங்க வெச்சிருக்கீங்களே, அதே மாதிரி வெச்சுக்கிட்டுச் சொல்லுவா.

இப்ப மடியில வெச்சிருக்காளே, அந்தப் புத்தகத்தில ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில ஒரே கிணறு. ஒரு கல்யாணத்தில யாரை முதல் பந்தியில உட்கார வெச்சாங்கன்னு சண்டை வந்து, பேச்சு நின்னு போச்சு. வருஷக்கணக்காப் பேசறதில்லை. ஆனா தண்ணி சேந்தறது ஒரே கிணத்திலதான். அக்கா வெடியால, கோழி கூவறப்ப சேந்துவா, தங்கச்சி பொழுதோட சேந்துவா. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறதில்லை. நான் அப்பவே சொன்னேன், "என்னைக் கூப்பிட்டிருந்தா ஒரு துண்டைப் போட்டு அரை நாள்ல முடிச்சு வெச்சிருப்பேன்"னு. வசுமதி சிரிச்சா. ஒரு நாள் அக்கா தண்ணி சேந்த வரலை. கயிறு நனையாமக் கிடக்கு. வீட்டுக் கதவு சாத்தியிருக்கு. தங்கச்சி குடத்தைக் கீழே வெச்சுட்டுப் போறா. கதவைத் தட்டலாமா வேண்டாமான்னு கையைத் தூக்கிட்டா. தூக்கின கையோட நிக்கிறா சார்.

அந்த இடத்தில வசுமதிக்குப் பிரசவ வலி எடுத்துருச்சு.

யோசிச்சுப் பாருங்க. மூணு மாசமா அந்தப் பொம்பளை கையைத் தூக்கிட்டு நிக்கிறா. கை வலிக்காதா? உள்ள அக்கா கீழ விழுந்து கிடக்கிறாளோ, உசுரோட இருக்காளோ? எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் இல்லைங்க. மாட்டுக்காரனுக்கு எதுக்கு இந்தக் கவலை? சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன். நீங்களே எடுத்துப் படிச்சிருக்கலாமேன்னு கேட்கறீங்களா? படிச்சேனே. எழுத்துக் கூட்டி ரெண்டு வரி படிச்சேன். கரண்டு பில்லு படிக்கிற மாதிரியே இருக்கு. அவ சொன்னாத்தான் சார் அது கதை.

இருங்க, கண்டக்டர் வர்றார். ஒரு அந்தியூர் தம்பி. ஆமா, முழு டிக்கெட் ஒண்ணுதான், இவளுக்கு எதுக்கு டிக்கெட்? தூங்கறவளை எழுப்பிக் கேட்டுப் பாரேன் தைரியம் இருந்தா!

எங்க விட்டேன்? ம், வலி எடுத்ததும் கார் வெச்சுக் கோபிக்குக் கூட்டிட்டுப் போனேன், தலைப்பிரசவம்னா அம்மா வீடுதானே. பொண்ணு பொறந்தா. எனக்குச் சந்தோஷம்னா சொல்லி முடியாது. ஆனா என் மாமியார் வீட்டுக்குள்ள ஒரு சட்டம் போட்டாங்க பாருங்க, கலெக்டர் ஆபீஸ்ல கூட அப்படிக் கிடையாது. புள்ளை பெத்தவ கண்ணைச் சிரமப்படுத்தக்கூடாது, அதனால புத்தகம் கூடாது. டிவி கூடாது. காத்துப் பட்டா ஆகாதுன்னு காதில பஞ்சு. கடைசியா என் பக்கம் திரும்பினாங்க. "மாப்பிள்ளை, உங்க தொண்டைக்குக் காளையே மிரளும். பச்சைப் புள்ளை பயந்துக்கும். பேசாம வந்து பார்த்துட்டுப் பேசாமப் போயிருங்க."

பேசாம நான் எப்படி சார் இருப்பேன்? இருந்தேன். தெனமும் சந்தை வேலையை முடிச்சுட்டு அந்தியூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டுப் பூனை மாதிரி உள்ள போவேன். வீடு அப்படி ஒரு அமைதி. மின்விசிறி சுத்தற சத்தம் மட்டும். அந்த அமைதியில சரியாப் பொழுது சாயற நேரம் பார்த்து இவ ஆரம்பிப்பா. வீறு வீறுன்னு! பால் குடுத்தா நிக்காது, தொட்டில்ல ஆட்டினா நிக்காது. வசுமதியோட அந்த ஒரு மணி நேரம் இருக்கே, அதை அப்படியே இவ எடுத்துக்கிட்டா.

வசுமதி புத்தகத்தைக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். நல்லாத் தீனி எடுத்துக்கிட்டிருந்த மாடு திடீர்னு தொட்டியில வாய் வைக்காம நின்னா நான் ராத்திரி முழுக்கத் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்படி இருந்தா. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, சிரிக்கச் சொன்னாச் சிரிப்பா, ஆனா கண்ணு எங்கேயோ இருக்கும். ஒரு நாள் பொழுதோட கட்டில் பக்கத்தில உட்கார்ந்திருந்தேன். பாப்பாவைத் துடைக்கிற துண்டு ஒண்ணு எங்க ரெண்டு பேருக்கும் நடுவில கிடந்தது. அதுக்கடியில கையை விட்டு என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சா. ஒத்தை விரல். விடவே இல்லை. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு சார். ஒத்துக்கிட்ட கை இது.

மறுநாள் நான் அந்தப் புத்தகத்தை எங்க வீட்டிலிருந்து எடுத்து, பூண்டுப் பைக்குள்ள அடியில வெச்சு, மேல பூண்டைக் கொட்டி எடுத்துட்டுப் போனேன். புள்ளை பெத்த வீட்டுக்குப் பூண்டு கொண்டு போனா யாரு சந்தேகப்படுவாங்க? நல்ல யோசனைதானே? ஒரே ஒரு தப்புப் பண்ணிட்டேன். பையை நேரா மாமியார் கையில குடுத்துட்டேன். மருமகன்னா மரியாதையாக் குடுக்கணுமே! அவங்க முறத்தில கவிழ்த்தாங்க. தொப்புனு விழுந்தது.

"மாப்பிள்ளை, இது எந்த ஊர்ப் பூண்டு?"ன்னாங்க.

"மலைப்பூண்டுங்க அத்தை."

"மேல அட்டையெல்லாம் போட்டிருக்குது?"

அப்புறம் சண்டைதான். "எம்புள்ள கண்ணு போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"ங்கிறாங்க. "அவ மனசு போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"ன்னேன் நான். ஆனா எல்லாம் கிசுகிசுன்னு சார்! சத்தம் போடக்கூடாதே. என் வாழ்க்கையில நான் கிசுகிசுன்னு சண்டை போட்டது அது ஒண்ணுதான். அது ஒரு சண்டையா? உப்பில்லாத சோறு. புத்தகம் பரண்மேல ஏறிருச்சு. பூண்டு வாசனையோட.

அட, முன்னாடி பாருங்களேன். வசுமதி தோள் குலுங்குது, தெரியுதா? அழறா. பாவம், அந்தப் புத்தகம் அப்படி. அவளுக்கு இளகின மனசு. அக்கா போய்ச் சேர்ந்துட்டா போல இருக்கு சார். நான் நினைச்சேன். தங்கச்சி சீக்கிரமாத் தட்டியிருக்கணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் ஒரு நாள் வழக்கம் போல பொழுதோட போனேன். இவ அழுதுக்கிட்டிருக்கா. வசுமதி தோள்ல போட்டுக்கிட்டு நடக்கிறா. அப்பப் பார்த்து எனக்கு ஒரு போன். வாசலுக்கு வந்து எடுத்தேன். பவானிக்காரன் ஒருத்தன், என்கிட்ட எருமை வாங்கிட்டுப் போனவன். "அண்ணா, எருமை என்னையப் பார்த்து முறைக்குது, திருப்பி எடுத்துக்குங்க"ங்கிறான். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ! இத்தனை நாள் அடக்கி வெச்ச தொண்டை சார். "ஏன்டா, உன்னையப் பார்த்தா எருமை முறைக்காமக் கும்பிடவாடா செய்யும்? வாங்கறப்போ பல்லைப் பார்த்தே, மடியைப் பார்த்தே, கண்ணைப் பார்க்கலையா? உன் பொண்டாட்டியும்தான் உன்னை முறைக்குது, அவளைத் திருப்பி அனுப்பிச்சியா?" தெரு முழுக்க எட்டிப் பார்க்குது. ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துட்டுத் திரும்பினா, வாசப்படியில மாமியார் நிக்கிறாங்க. செத்தோம்னு நினைச்சேன். ஆனா திட்டலை. பேய் பார்த்த மாதிரி நிக்கிறாங்க.

"தூங்கிருச்சுங்க மாப்பிள்ளை"ங்கிறாங்க.

உள்ள போய்ப் பார்த்தேன். கையைக் காலை விரிச்சுப் போட்டுட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு, ராஜாத்தி மாதிரி தூங்கறா. நாங்க மூணு பேரும் சத்தமில்லாம நின்னு பார்த்தோம். நின்னோமா, இவ முகத்தைச் சுளிச்சா. உதட்டைப் பிதுக்கினா. ஆரம்பிச்சுட்டா! எனக்குப் புரிஞ்சு போச்சு. ஓடிப்போய்த் திரும்பவும் பவானிக்காரனைக் கூப்பிட்டேன். அவன், "சரிங்கண்ணா, எருமையை நானே வெச்சுக்கறேன்"ங்கிறான். "டேய், சமாதானமாகாதடா! இன்னும் கொஞ்சம் சண்டை போடுடா!"ன்னு கத்தினேன். இவ அப்படியே அடங்கிட்டா.

மாமியார், "அது தானாத் தூங்கியிருக்கும்"னாங்க. வசுமதிதான் சொன்னா. "இல்லீங்கம்மா. என் வயித்துக்குள்ள இருந்தப்போ எந்நேரமும் இந்தச் சத்தத்தைத்தான கேட்டுட்டு இருந்தா? இப்ப எல்லாரும் சேர்ந்து கம்முன்னு இருந்தா, எங்கயோ தெரியாத ஊட்டுக்கு வந்துட்டோமுன்னு பயந்துக்கறா." சொல்லிட்டுச் சிரிச்சா சார். மூணு மாசத்தில அன்னிக்குத்தான் கண்ணும் சேர்ந்து சிரிச்சுது.

அதோட நான் கேட்டேன். பொண்டாட்டி புள்ளையை அனுப்பிச்சு வைங்கன்னு. மாமியார் விட்டாங்களா? "ஏனுங்க மாப்பிள்ளை, அங்க போனா அவ சோறாக்கி, துணி தொவைச்சு, புள்ளையைப் பார்த்து, எப்பங்க கண்ணு மூடுவா? எப்பங்க புத்தகம் படிப்பா? நீங்க மாட்டைப் பார்ப்பீங்களா, புள்ளையைப் பார்ப்பீங்களா?" பாருங்க சார் அநியாயத்தை! புத்தகத்தைப் பரண்ல ஏத்தினவங்க, இப்பப் புத்தகத்துக்காக வக்காலத்து வாங்கறாங்க. நான் விட்டுக் குடுக்கலை. நேரா மூஞ்சிக்கு மூஞ்சி பேரம் பேசினேன். கடைசியில நேத்து அவங்கதான் பஸ்ஸைச் சொன்னாங்க. "வீட்டில தூங்க வெக்கறது பெரிசில்லை. கூட்டத்தில, வெயில்ல, பஸ்ஸில தூங்க வெச்சுக் காட்டுங்க. பரண்ல இருக்கிற புத்தகத்தை இறக்கித் தர்றேன், அவ படிச்சுட்டு வரட்டும். நானும் கூட வந்து பார்க்கறேன்."

நான் உடனே ஒத்துக்கிட்டேன். பஸ்ஸில எனக்கென்ன கஷ்டம்? பக்கத்தில யாராவது ஒரு ஆள் கிடைக்காமயா போவார்?

அட, நீங்க என்ன இன்னும் அதே பக்கத்தில இருக்கீங்க? படிங்க சார், என்னை எதுக்குப் பார்க்கறீங்க? வசுமதியும்தான், கோபியில திறந்த பக்கம், இன்னும் புரட்டக் காணோம். சில பக்கம் அப்படித்தான் போல. கனமான பக்கம்.

அத்தாணி வந்துருச்சு. இந்த டிரைவர் இங்க டீ குடிக்க இறங்குவார். இறங்கட்டும். ஐயோ! இன்ஜினை எதுக்கு அணைக்கிறார்? அண்ணா! இன்ஜின் ஓடட்டும்ணா! போயிட்டார். சார், பஸ்ஸே அடங்கிருச்சு. பாருங்க, தலையைத் திருப்பறா. உதட்டைப் பிதுக்கறா. மாமியார் எழுந்தே நின்னு பார்க்கிறாங்க. சார், கதை தீர்ந்து போச்சு. கதை சொல்ற குரலெல்லாம் இப்பப் பத்தாது, பேரம் பேசற குரல் வேணும். நீங்க என்கிட்ட ஒரு மாடு வாங்குங்க. நெசமா இல்லைங்க, சும்மா! சீக்கிரம் கேளுங்க! ரெண்டாம் ஈத்துப் பசு, ரெண்டே கன்னுதான் போட்டிருக்கு, நாலு பல்லு, கெட்ட சுழி ஒண்ணு கிடையாது, பச்சைப் புள்ளை கூடக் கறக்கலாம், என்ன விலைக்குக் கேட்கறீங்க?

என்னது, நான் சொல்ற விலைக்கா? சார்! அப்படிச் சொல்லலாமா? திட்டுங்க! குறை சொல்லுங்க! மாடு இளைச்சிருக்குன்னு சொல்லுங்க! "நல்லா இருக்கு"ன்னா நான் எங்க போய்ச் சண்டை போடுவேன்? கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி... இதோ, சிணுங்க ஆரம்பிச்சுட்டா. நீங்க படிச்ச மனுஷர், உங்களுக்கு ஒரு மாட்டைத் திட்டத் தெரியலையா?

கேட்டீங்களா? முன்னாடியிலிருந்து யாரு அது?

"ரெண்டாம் ஈத்தாம் ரெண்டாம் ஈத்து! கொம்புல வளையத்தை எண்ணிப் பார்த்தா அது நாலாம் ஈத்து. படிச்ச மனுசனுக்குத் தெரியாதுன்னு ஏமாத்தறீங்களா மாப்பிள்ளை?"

அத்தை! என் தொழிலைப் பத்தி இத்தனை பேர் முன்னாடி இப்படிப் பேசலாமா? இல்லாத மாட்டோட கொம்பை நீங்க எங்கிருந்து பார்த்தீங்க?

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க காளை வாங்கினப்பவும் இப்படித்தான். காது கிழிஞ்சிருக்குதுன்னு சொல்லிச் சொல்லியே விலையைக் குறைச்சீங்க. கிழியவே இல்லை! அதை மனசில வெச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்!"

கிழிஞ்சிருந்தது அத்தை! இந்தக் கண்ணால பார்த்தேன்! இடது காது!

"எந்தக் காதுங்க? எங்க மாட்டுக் காதா, உங்க காதா?"

சிரிக்காதீங்கய்யா பின்னாடி! அத்தை, சத்தியமாச் சொல்றேன், அந்தக் காளை கட்டுத்தறியிலேயே காதைக் கிழிச்சுக்கிட்டது. வேணும்னா... சார், பார்த்தீங்களா? தூங்கிட்டா. என் பொண்ணு தூங்கிட்டா! வாயைப் பொளந்துட்டா! அத்தை, நிறுத்தாதீங்க, அந்த இடது காதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க! பாருங்க, எவ்வளவு ஆக்ரோஷமாக் கத்தறாங்க. அவங்க போட்ட பந்தயத்துக்கு அவங்களே குழி வெட்டறாங்க. அது கூடத் தெரியலை பாவம். கோபக்காரங்களுக்கு இதுதான் சார் கஷ்டம், கண்ணு மண்ணு தெரியாது. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டற மாதிரி இருந்துச்சு, வெயில் பட்டுக் கண்ணு கூசுது போல.

அப்பாடா, டிரைவர் வந்துட்டார். இன்ஜின் ஓட ஆரம்பிச்சுருச்சு. இனிக் கவலையில்லை. என் துண்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, வேர்த்துப் போச்சு.

வந்துருச்சு சார், அந்தியூர். இறங்கலாம். பையை நானே எடுத்துக்கறேன். பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வா புள்ள, வசுமதி, இந்தா உன் பொண்ணு, இல்லை, என் தோள்லயே இருக்கட்டும். முடிச்சுட்டியா? தங்கச்சி கதவைத் தட்டினாளா? அக்கா உசுரோட இருக்காளா, இல்லையா? உன் தோள் குலுங்கினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அக்கா போயிட்டா, இல்ல?

என்னது? இன்னும் கையைத் தூக்கிட்டுத்தான் நிக்கிறாளா?

சார், கேட்டீங்களா இவ சொல்றதை? ஒரு வரி கூடப் படிக்கலையாம். கோபியில திறந்த பக்கத்திலேயே இருக்காளாம். இவ்வளவு நேரம் என்ன புள்ள பண்ணிட்டு இருந்தே? நான் பேசினதைக் கேட்டுட்டு இருந்தியா? நான் பேசறதை நீ வீட்டில கேட்டதே இல்லையா? உனக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு வர்றேன், நீ சிரிச்சுட்டு இருந்தேங்கிறியே! அப்ப அழலையா? நாசமாப் போச்சு போ. ஒரு மணி நேரம் வீணாப் போச்சு! அத்தை, நீங்களே சொல்லுங்க. நீங்க எதுக்குச் சேலைத் தலைப்பால வாயை மூடிக்கறீங்க?

நீங்க ஏன் சார் முழிக்கறீங்க? வீடு இந்தப் பக்கமா? இல்லையா? அத்தாணியில இறங்க வேண்டியவரா? அதை அப்பவே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தா, நீங்க பாட்டுக்கு உங்க ஊரை விட்டுருவீங்களா? திரும்பற பஸ் அதோ நிக்குது. என் மாமியாருக்காகத்தான் நின்னுச்சு, இப்ப நீங்க ஏறிக்குங்க. போற வழியில நிம்மதியாப் படிங்க, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.

ஒரு நிமிஷம் இருங்க. இவ துண்டை எடுக்கறா. என் கைமேல போடறா. பஸ் ஸ்டாண்டில எல்லாரும் பார்க்கிறாங்க புள்ள! சார், ரெண்டு விரலைப் பிடிக்கிறா. இன்னிக்கு வீணாப் போனதையும் சேர்த்து, தெனமும் ரெண்டு மணி நேரமாம். பார்த்தீங்களா, அப்பவே சொன்னேன், பின்னங்கால் இருக்குன்னு!

ஒண்ணரை வெச்சுக்கலாமா புள்ள? உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

"அப்ப காபி குடிச்சுட்டுப் போங்க"ங்கிறா.

நான் என்ன சார் பண்ணுவேன்? அமுக்கிட்டேன். "சரி"ன்னு சொல்லிட்டேன். பாருங்க, எனக்கே கேட்காத மாதிரி மெதுவாத்தான் சொன்னேன். அதுக்குள்ள தோள்மேல பாப்பா எழுந்துக்கிட்டா. வீல்னு ஆரம்பிச்சுட்டா.

அழட்டும் சார். அந்தியூர் வந்தாச்சே.